பதில் யார் கைக்குப் போகிறது?

பல நாட்டு ஊழியர்களின் வேலை ஈடுபாட்டை ஒப்பிடும் ஆய்வுகளில் ஜப்பானியர்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் நிற்பார்கள். வேலையில் எவ்வளவு துடிப்பு, எவ்வளவு பற்று, எவ்வளவு ஆழ்ந்துபோகிறீர்கள் என்று கேட்கும் உட்ரெக்ட் அளவுகோல் நெதர்லாந்தில் உருவானது. அதை ஜப்பானிய மொழியில் கேட்டபோது கிடைத்த எண்கள் மிகக் குறைவு. வேலைக்காக உயிரை விடுகிறவர்கள் என்று பெயரெடுத்த நாடு அது. அதிக வேலையால் நேரும் சாவுக்கு ‘கரோஷி’ என்று தனிப்பெயரே அங்கு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கா வேலையில் ஈடுபாடு இல்லை? அகிஹிட்டோ ஷிமாசுவும் உடன் ஆய்வாளர்களும் ஜப்பானியப் பதில்களையும் டச்சுப் பதில்களையும் கேள்வி கேள்வியாக ஒப்பிட்டு 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரு நாட்டிலும் ஒரே மதிப்பெண் ஒரே மனநிலையைக் காட்டவில்லை என்பது அதில் தெரிந்தது. மகிழ்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்கிக்கொள்வது அங்கே நல்ல வளர்ப்பின் அடையாளம். எனக்கு உற்சாகம் பொங்குகிறது என்ற வரிக்கு நேரே ‘எப்போதும்’ என்று குறிக்க அவர்களுக்குக் கை வருவதில்லை.

மனச்சோர்வை அளக்க 1977-இல் அமெரிக்காவில் வந்த சி.இ.எஸ்.-டி. என்ற 20 கேள்விப் பட்டியலிலும் இதே கதைதான். அதில் 4 கேள்விகள் நல்லுணர்வு பற்றியவை. ஜப்பானியர்கள் அந்த நான்கில் அடக்கி வாசித்ததால் அவர்களுடைய சோர்வு மதிப்பெண் ஏறிவிட்டது. துயரத்தை நேரடியாகக் கேட்ட கேள்விகளில் அமெரிக்கர்களோடு அவ்வளவு வித்தியாசமில்லை என்று நொபொரு இவாத்தாவின் ஆய்வுகள் காட்டின. ஆக, பதிலில் இருந்த அடக்கம் நோயாகக் கணக்கில் ஏறியது.

இந்த மாதிரி அளவுகோல்கள் இன்று சென்னை ஓ.எம்.ஆர். சாலை அலுவலகங்களுக்கும் வந்துவிட்டன, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வந்துவிட்டன. கைப்பேசியில் ஐந்து முகங்கள் வரும், சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை. ஒன்றைத் தொட்டால் நலம் அளந்தாயிற்று. ‘நம் பண்பாட்டுக்கேற்ப’ மாற்றியிருக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் கேள்விகளைத் தமிழில் பெயர்த்ததைத்தான். மொழிபெயர்ப்பு இதில் மிகச் சிறிய வேலை. பெயர்த்ததை வேறொருவர் மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்க்கும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-லேயே வகுத்துவிட்டார். பண்பாடு கேள்வியின் சொற்களில் இருப்பதைவிடக் கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் நடுவில்தான் அதிகம் இருக்கிறது. பணியிட நலத்தை அளக்கும் இந்தத் துறையின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்.

தொடக்கம் சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் ஆலை. 1924-இல் வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கிய சோதனை பிறகு தொழிலாளர் மனத்தை அறியும் ஆராய்ச்சியாக மாறியது. 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்டவர்களை நேர்காணல் செய்தார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ பேசினார்கள். அந்த ‘வேறு எதையோ’தான் விஷயம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய, பட்டியலை வைத்துவிட்டுப் பேசவிட்டார்கள், நேர்காணல்கள் நீண்டன. இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட எல்டன் மேயோவின் புகழுக்கு இது முக்கியக் காரணம். ஆனால் 1936-இல் அதே ஆலையில் ஆலோசகர்களை நியமித்துக் குறை கேட்கும் திட்டம் தொடங்கியபோது, கேட்பதே தீர்ப்பதற்கு மாற்றாகிவிட்டது என்ற கண்டனமும் கூடவே வந்தது. அந்தக் கண்டனத்துக்கு இன்றும் வயதாகவில்லை.

பிறகு வந்தது அளவுகோல்களின் காலம். டேவிட் கோல்ட்பெர்க்கின் பொது உடல்நல வினாத்தாள், கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட 22 கேள்விப் பணிச்சோர்வுப் பட்டியல், உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு என்று வரிசையாக வந்தன. மாஸ்லாக்கின் பட்டியல் பிறந்தது அமெரிக்க மருத்துவப் பணியாளர்கள், சமூகப் பணியாளர்கள் போன்றோரின் அனுபவத்தில். நாள் முழுக்க மற்றவர் துயரத்தோடு புழங்குகிறவர்களின் சோர்வு அது. தையல் எந்திரத்தின் முன் ஒரே மடிப்பை நாளெல்லாம் தைப்பவரின் சோர்வு வேறு ஜாதி.

இந்தியாவில் நடந்த ஒரு முயற்சியை இந்த வரலாற்றில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கே போனார். 224 தறிகள் ஓடிய ஒரு கூடத்தில் ஆளுக்கொரு வேலை, யாருக்கு யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெரியாது. சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழு தன் தறிகளுக்கு முழுப் பொறுப்பேற்கலாமே என்ற யோசனை வந்ததும், தொழிலாளர்களே தங்களுக்குள் ஆள் சேர்த்துக் குழு அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, சேதத் துணி குறைந்தது. யார் யாரோடு சேர்ந்தார்கள், சேதம் எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்தே கூடத்தின் நிலையை அறிய முடிந்தது. 1970-இல் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான கூடங்கள் பழைய முறைக்கே போய்விட்டிருந்தன. வெளியிலிருந்து வந்த அழுத்தங்கள் குழுக்களைக் கரைத்துவிட்டன. ஒரு முறை அளந்துவிட்டு வெற்றி என்று எழுதுகிறவர்கள் இந்த 17 ஆண்டு இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேட்டால் சொல்வார்கள் என்ற நம்பிக்கையையே ஆட்டிவைத்தவர் அமர்த்தியா சென். வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு 1944-இல் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த ஒரு கணக்கை அவர் அடிக்கடி காட்டுவார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5% பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5% பேர்தான். அன்றைய வங்கத்தில் விதவைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது தெரிந்ததே. அவர்கள் ஆரோக்கியமாக இருந்ததால் அப்படிச் சொல்லவில்லை. முறையிட உரிமை உண்டு என்ற எண்ணமே இல்லாதவர்களுக்குக் குறை குறையாகத் தெரிவதில்லை. இதன் மறுபக்கம் கேரளம். ஆயுள் நீளம் அங்கே அதிகம், நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அங்கேதான் அதிகம். பீகாரில் ஆயுள் குறைவு, சொல்லப்படும் நோயும் குறைவு. எழுத்தறிவும் மருத்துவமனையும் எட்டும் இடத்தில் இருந்தால் மனிதர் தம் உடலைக் கவனிக்கிறார், சொல்கிறார்.

இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தால் மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. நல்ல மேலாளர் வந்த பிறகு ஒரு பிரிவில் அதிருப்தி மதிப்பெண் ஏறலாம். பேசினால் காது கொடுப்பார்கள் என்ற தைரியம் வந்திருக்கும். பயத்தில் உறைந்த பிரிவில் எல்லா முகங்களும் சிரிக்கும். ஜார்க்கண்ட் கிராமத்திலிருந்து வந்தவர் விடுதி அறையைத் தன் ஊர் வீட்டோடு ஒப்பிட்டு 8 மதிப்பெண் போடுவார். அவிநாசியிலிருந்து வருபவர் கோவையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தன் சித்தி மகளை நினைத்துக்கொண்டு 5 போடுவார். இருவரும் உட்கார்ந்திருப்பது ஒரே வரிசையில், ஒரே ஃபேனுக்குக் கீழே. யாரோடு ஒப்பிட்டுப் பதில் சொல்கிறார் என்பது தெரியாமல் இந்த 8-ஐயும் 5-ஐயும் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை.

நம் தொழிற்கூடங்களில் கேள்வி கேட்பது என்பது எப்போதும் ஒரு உறவுக்குள்தான் நடக்கிறது. “என்னம்மா, எல்லாம் நல்லா இருக்கா?” என்று சூப்பர்வைசர் கேட்டால் “நல்லாருக்குங்க சார்” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அது நலத்தைப் பற்றிய தகவலே இல்லை, மரியாதை. அதே வாக்கியத்தைத் தாளில் அச்சடித்து ஐந்து கட்டம் போட்டால் மட்டும் அது தகவலாகிவிடுமா? வேலைக்குச் சேர்ந்த வழியையும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மாமாவோ ஊர்க்காரரோ சொல்லித்தான் வேலை கிடைத்திருக்கும். வெளியூர்க்காரர்களை ஒரு கான்ட்ராக்ட்காரர் அழைத்து வந்திருப்பார். இவர் புகார் சொன்னால் அவருக்கல்லவா கெட்ட பெயர்? தனிமனிதர் கருத்து என்று நாம் எண்ணும் ஒரு டிக் குறியில் ஒரு குடும்பத்தின் கௌரவமும் ஒரு கான்ட்ராக்ட்காரரின் அடுத்த மாதக் கமிஷனும் கலந்திருக்கும்.

‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’ என்ற பேச்சு இதில் இன்னொரு சிக்கல். இங்கே உங்களைக் குடும்பத்தில் ஒருவராக நடத்துகிறார்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்று வந்தால், வெளிநாட்டு அளவுகோலில் அது நல்ல மதிப்பெண். நம் ஊரில் குடும்பத்தில் ஒருவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வர வேண்டும், இரவு ஷிப்மென்ட் இருந்தால் ஓ.டி. காசு கேட்காமல் நிற்க வேண்டும், சத்தம் போட்டால் அண்ணன் திட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாகத் தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கிடைக்கலாம், கிடைப்பதும் உண்டு. அந்த உதவி உண்மையானது, அந்தச் சுரண்டலும் உண்மையானது. ஒரே கேள்விக்குள் இரண்டும் அடைபட்டுக் கிடப்பதால் அந்தக் கேள்வி பயனற்றது. கல்யாணத்துக்குப் பணம் கிடைத்ததா என்று தனியாகக் கேட்கலாம். போன மாதம் எத்தனை ஞாயிறு வேலைக்கு வந்தீர்கள் என்றும் தனியாகக் கேட்கலாம். உணர்ச்சியைக் கேட்காமல் நடந்ததைக் கேட்டால் மரியாதை அவ்வளவாகக் குறுக்கே வருவதில்லை.

துயரத்தை உடலின் வழியே சொல்வதைப் பற்றி மானுடவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மார்க் நிக்டர் 1981-இல் தென் கன்னட மாவட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை இதில் முன்னோடி. வீட்டுக்குள் வாய்திறந்து முறையிட முடியாத பெண்கள் சாப்பாட்டைக் குறைப்பதிலும், மீண்டும் மீண்டும் சுத்தம் பார்ப்பதிலும், நோயிலும், சாமி வருவதிலும் தங்கள் துயரத்தைச் சொன்னார்கள் என்று அவர் காட்டினார். விக்ரம் படேலும் சகாக்களும் ஜிம்பாப்வேயில் 1997-இல் வெளியிட்ட 14 கேள்விப் பட்டியல், அங்கத்திய ஷோனா மக்கள் தங்கள் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டு, அதிலிருந்து கட்டப்பட்டது. அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது அவர்களுடைய துயரமொழியின் மையம். ராத்திரி பூரா ஒரே யோசனை, தூக்கமே வரலை என்று நம் பெண்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் இந்தப் பாடத்தை அதிகமாகப் படித்துவிடும் ஆபத்தும் உண்டு. கால் கடுக்குது என்று ஜவுளிக்கடைப் பெண் சொன்னால் அது குறியீடாகச் சொன்ன துயரம் என்று எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் அனுப்பக் கூடாது. பத்து மணி நேரம் நின்றால் கால் கடுக்கத்தான் செய்யும். கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆணையிட்டன. அதற்கு எந்த அளவுகோலும் தேவைப்படவில்லை. கோழிக்கோட்டில் பெண் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடியதுதான் தேவைப்பட்டது.

உள்ளூரிலிருந்தே கட்டிய அளவுகோல்கள் இல்லாமல் இல்லை. ஹெல்முட் செல், ஆர். நாக்பால் இருவரும் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகத்துக்காக இந்தியாவில் உருவாக்கி 1992-இல் வெளியிட்ட நல வினாத்தாளில் 40 கேள்விகள். குடும்பத்தின் ஆதரவு, தன்னைக் கடந்த ஏதோ ஒன்றோடு கொண்ட பிணைப்பு ஆகியவை அதில் தனிக் கூறுகள். ஜப்பானில் ஹிட்டோகோட்டோ, உச்சிடா இருவரும் 2015-இல் வெளியிட்ட ஒன்பது கேள்விப் பட்டியல், என்னைச் சுற்றியிருப்பவர்களும் நன்றாக இருக்கிறார்களா என்பதையும் என் மகிழ்ச்சியின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்காகத் தே கானி கிங்கியும் மேசன் டூரியும் உருவாக்கிய ஹுவா ஒராங்கா. மருத்துவ சேவைக்கானது அது. நோயாளி, சிகிச்சை தருபவர், குடும்பத்தார் என்று மூன்று தரப்பையும் கேட்கிறது. ஒரு ஊழியரின் நலத்தை அவர் வீட்டாரிடமும் கேட்டால் என்ன? பணிநேரம் முடிந்து எத்தனை மணிக்கு வீடு வருகிறார், வந்ததும் யாரிடமாவது பேசுகிறாரா என்பதை மனைவியோ அம்மாவோ சொல்லிவிடுவார்கள். அந்தத் தகவல் முதலாளி கைக்குப் போகும் என்றால் மட்டும் இது பெரிய அத்துமீறல்.

வேலை எங்கே முடிகிறது என்ற எல்லையும் இங்கே வேறு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். காரணம் ஆலைக்குள் நடந்தது எதுவுமில்லை. விடுதிச் சாப்பாடு. உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பணியிட நலம் என்று எட்டு மணி நேரத்தை மட்டும் கேட்கும் எந்த வினாத்தாளிலும் அந்த விடுதியின் சமையலறையும் குளியலறையும் வந்திருக்காது. நம் தொழில்மயத்தில் விடுதியும் கம்பெனி பஸ்ஸும் வேலையின் பகுதிதான்.

இத்தனையும் சொன்ன பிறகு பண்பாடு என்ற சொல்லைக் கண்டு கொஞ்சம் பயப்படவும் வேண்டும். ஐ.பி.எம். ஊழியர்களிடம் திரட்டிய லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980-இல் நாடுகளுக்குப் பண்பாட்டு மதிப்பெண் போட்டார். அதன் பிறகு இந்தியர்களுக்கு மேல்கீழ் அதிகாரம் இயல்பு என்பது மேலாண்மை வகுப்புகளில் பாடமாகிவிட்டது. இயல்பு என்றால் யாருக்கு? இங்கத்திய மேல்கீழின் பெரிய காரணம் சாதி, அதைக் கேட்கும் கேள்வியை எந்தக் கம்பெனி நலக் கணிப்பிலும் நான் பார்த்ததில்லை. தண்ணீர் டம்ளர், லைனில் யார் பக்கத்தில் யார், சூப்பர்வைசர் யாரை வாடீ போடீ என்கிறார், யாரை வாங்க என்கிறார் என்பதில் தெரிவதை மதிப்பீட்டுத் தாள் பார்க்காமல் போகிறது. நம்ம ஆளுங்க உழைப்பாளிங்க, நேரம் பார்க்க மாட்டாங்க என்ற புகழ்ச்சியும் பண்பாட்டுப் பேச்சுதான். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, சில நாட்களில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. நேரம் பார்ப்பவர்கள்தாம் நம் ஆட்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே யார் கேட்கிறார்கள், பதில் யார் கைக்குப் போகிறது என்ற கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஜப்பான் இதைச் சட்டத்தில் எழுதியது. 2015 டிசம்பரிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் ஆண்டுதோறும் மன அழுத்தச் சோதனை கட்டாயம். பரிந்துரைக்கப்பட்ட வினாத்தாளில் 57 கேள்விகள். மருத்துவர், செவிலியர் போன்றோர் நடத்த வேண்டும், முடிவு தொழிலாளி கைக்கே நேராகப் போக வேண்டும், அவர் சம்மதமில்லாமல் முதலாளி பார்க்க முடியாது. பத்துப் பேருக்கும் குறைவான குழுவின் கூட்டு முடிவையும் பொதுவாக முதலாளிக்குத் தரக் கூடாது, யார் சொன்னது என்று ஊகித்துவிடலாம் என்பதால். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வயது, பாலினம், பிரிவு, சேர்ந்த ஆண்டு எல்லாவற்றையும் கேட்கும் நம் தாள்களை இதோடு வைத்துப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் செக்கிங்கில் 42 வயதுப் பெண் ஒருவர்தான் இருப்பார். ஜப்பானிய ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. அழுத்தம் அதிகம் என்று வந்தவர் மருத்துவரைப் பார்க்க விண்ணப்பித்தால் விஷயம் முதலாளிக்குத் தெரிந்துவிடும். அதனால் விண்ணப்பிப்பவர்கள் குறைவு. அளக்கும் ஏற்பாட்டை எவ்வளவு கவனமாக வகுத்தாலும் உதவி கேட்கும் இடத்தில் வெட்கமும் பயமும் காத்திருக்கின்றன.

கேட்பதற்கே ஒரு பலன் உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆடை ஆலைகளில் அச்சுத அத்வர்யு முதலான பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஊதிய உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த நேரம் அது. தற்செயலாகத் தேர்ந்த ஒரு பகுதித் தொழிலாளர்களிடம் மட்டும் வேலை, மேற்பார்வையாளர், திருப்தி பற்றிப் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்டார்கள். அடுத்த மாதங்களில், கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20% குறைவு. கேட்கப்பட்டவர்கள் என்பதற்காகக் கூலியில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக ஏறவில்லை. இதை மனிதர்களின் குரலுக்குக் கிடைத்த வெற்றி என்று படிக்கலாம். கூலி ஏற்றுவதைவிடக் கருத்துக் கேட்பது மலிவு என்று ஒரு முதலாளி படித்தாலும் அவரைக் குறைசொல்ல முடியாது. ஹாதார்ன் ஆலையின் ஆலோசகர்கள் மேல் வந்த அதே சந்தேகம் இங்கேயும் வருகிறது.

2022-இன் திண்டுக்கல் உடன்பாடு வேறு பாதையில் போனது. 2021 ஜனவரியில் ஆடை ஆலை ஒன்றின் தலித் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டு, அவருடைய மேற்பார்வையாளர் கைதான பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் ஆலை நிர்வாகமும் எச்&எம் போன்ற, ‘பையர்’ எனப்படும் கொள்முதல் நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டார்கள். தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் வேலைத்தளத்தில் நின்றார்கள். சாதி, பாலினம், வெளியூர்க்காரர் என்ற பாகுபாடு வெளிப்படையாக உடன்பாட்டில் எழுதப்பட்டது. புகார் மேலே போனால் பதில் வர வேண்டும், வராவிட்டால் பையரின் ஆர்டருக்கே சிக்கல். மரியாதைக்கு நல்லாருக்குங்க என்று சொல்ல வேண்டிய அவசியம் சக தொழிலாளியிடம் அவ்வளவு இல்லை. பண்பாட்டை மதித்த அளவீடு எது என்று என்னைக் கேட்டால் இதைச் சொல்வேன், இதில் ஒரு அளவுகோல்கூட இல்லை என்றாலும்.

இதனால் வினாத்தாளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வருகைப் பதிவு, வேலையை விட்டுப் போனவர் எண்ணிக்கை, ஓ.டி. மணி, ஆலை மருத்துவ அறைக்கு வந்தவர்களின் குறிப்பு ஆகியவை ஏற்கனவே கம்பெனியிடம் இருக்கின்றன. அவற்றை முதலில் படிக்கட்டும். பிறகு கேட்பதானால் நடந்ததைக் கேட்கட்டும், தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் கேட்கட்டும், எழுத்து வராதவர்களுக்கு வாய்மொழியாகக் கேட்கட்டும், கேட்பவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும். நாடுகளையோ கிளைகளையோ வரிசைப்படுத்தும் பட்டியல் வேண்டாம், ஒரே பிரிவைப் போன ஆண்டோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்த நலக் கணிப்புக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால், முடிவைத் தொழிலாளர்கள் முன் வாசித்துக் காட்டப்போகும் தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதியைக் குறிக்க மனம் வரவில்லையென்றால் கணிப்பே வேண்டாம், அந்தப் பணத்துக்குத் தையல் வரிசைகளில் இன்னும் சில ஃபேன்களை மாட்டிவிடுங்கள்.